செவ்வாய் டீ, வெள்ளி டீ

அந்தக் குடியிருப்பில் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள யாரிடமும் வாயைத் திறந்து கேட்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கீழ்தளத்துச் சங்க அறை வாசலில் யார் யார் செருப்பு கிடக்கிறது, வெள்ளிக்கிழமை யார் யாருடையது கிடக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். செவ்வாய் டீ குடியிருப்போர் சங்கத் தலைவருடையது. வெள்ளி டீ செயலாளருடையது. இரண்டு நாளும் செருப்பு விடுகிறவள் முதல் மாடித் தையல்காரி ஒருத்திதான். அவளை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டு பக்கத்துத் துணியும் அவள் மெஷினில்தான் ஓடியது. பாதி தைத்த துணியோடு யார் சண்டை போடுவார்கள்?

எந்த நாளும் செருப்பு விடாதவள் இரண்டாம் மாடி சிஸ்டரம்மா.

உண்மையில் அவள் நர்ஸ் இல்லை. நோயாளியைத் திருப்பிப் போடுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் பார்ப்பது, வந்தால் மறைக்காமல் சொல்வது, இதற்கெல்லாம் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். மாமியார் படுக்கையில் விழுந்து கிடந்த காலத்தில் அவள் செய்த வேலையைப் பார்த்த ஆஸ்பத்திரி ஹெட் நர்ஸ்தான், "சம்பளமில்லாம இவ்வளவு செய்யறீங்களே, படிச்சிட்டு வந்து சம்பளத்துக்குச் செய்யக் கூடாதா?" என்று பயிற்சிக்கு அனுப்பி வைத்தாள். மாமியார் இறந்த மறு மாசமே பயிற்சியில் சேர்ந்தாள். பெரியாஸ்பத்திரி வார்டில் இருந்தாள், பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். முதல் வருஷம் திருத்திப் பார்த்தாள். பிறகு, எப்படியோ கூப்பிட்டுத் தொலையட்டும், மருந்தை ஒழுங்காக விழுங்கினால் சரி என்று விட்டுவிட்டாள்.

டீ விஷயத்தில் அவளுடைய கறார் பயிற்சியிலேயே வந்தது. "நோயாளி வீட்டுல பச்சைத்தண்ணி கூட வாங்கிக் குடிக்காதீங்க" என்று டீச்சர் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முதல் வீட்டிலேயே மருமகள் அன்பாகக் கொடுத்த டீயை வாங்கிக் குடித்தும் விட்டாள். மறுநாள் படுக்கையில் கிடந்த அந்த வீட்டு மாமியார் வாயை இறுக மூடிக்கொண்டாள். "அவ கையால டீ குடிச்சவ நீ, என் வாயில என்ன ஊத்துவியோ." ஒரு வாரம் அந்தக் கிழவிக்கு மாத்திரை இறங்கவில்லை. ஒரு டம்ளர் டீக்குள் இத்தனை வம்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு அவள் பையில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும். வேலை முடிந்ததும் வெளியே வந்து, தன் டீயைத் தானே ஊற்றிக் குடிப்பாள். அதே விதியைக் குடியிருப்புக்கும் வைத்துக்கொண்டாள். செவ்வாயும் கிடையாது, வெள்ளியும் கிடையாது. இரண்டு பக்கமும் அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னது. அந்தக் கட்டடத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பாள். கண்டக்டர் விழுந்தார்.

கண்டக்டர் என்றால் அவள் புருஷன். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலையில் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறியது. அவள் பார்த்த மாத்திரத்தில் ஆட்டோவைக் கூப்பிட்டாள். அதனால் உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே வார்த்தை. "ரைட்." கொஞ்சம் தெம்பாக இருந்தால் "போலாம் ரைட்." வேண்டும் என்றாலும் ரைட், வேண்டாம் என்றாலும் ரைட், அடிப்பாவி சுடுதண்ணீர் என்றாலும் ரைட். ராகத்தை வைத்துத்தான் பொருள் பார்க்க வேண்டும்.

விழுங்குவதிலும் கோளாறு. தண்ணீர் மாதிரி மெல்லிசாக எது கொடுத்தாலும் தப்பான குழாய்க்குள் இறங்கி இருமல் வந்துவிடும். அதனால் டீயில் ஒரு பொடியைக் கலந்து, கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கி, ஸ்பூனால் ஊட்ட வேண்டும். காலமெல்லாம் தெருமுனைக் கடையில் நின்றபடி கொதிக்கக் கொதிக்கக் குடித்த மனுஷன், அந்த ஸ்பூனை டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

அந்தக் கடை அவர்கள் ஜன்னலிலிருந்து தெரியும். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தால் பொழுதெல்லாம் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே போக வழியில்லை. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு செங்குத்து. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஆம்புலன்ஸ் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்து போடுவார்கள். மற்றபடி வீட்டுச் சிறை. ஒருத்தரை எத்தனை சுத்தமாக வைத்திருந்தாலும், வெயிலும் தெருவும் இல்லாமல் அடைத்து வைத்தால் வாடிப்போய்விடுவார்கள். எத்தனையோ வீட்டில் பார்த்தவள் அவள். அவர் வாடத் தொடங்கியிருந்தார். சாப்பாடு பாதியில் திரும்பியது. ரைட் கூடக் குறைந்துகொண்டு வந்தது.

அவள் யோசித்தது சுலபமான கணக்கு. கீழ்தளத்துச் சங்க அறை என்பது உண்மையில் ஒரு சின்ன வீடு. இரண்டு அறை, உள்ளேயே கழிப்பறை, நிலைப்படி தாண்டினால் தரை, தரை தாண்டினால் கேட். வாரத்தில் இரண்டு நாள் டீ போடுவதைத் தவிர அங்கே ஒரு வேலையும் நடப்பதில்லை. அதை எங்களுக்குக் கொடுங்கள், எங்கள் இரண்டாம் மாடி வீட்டைச் சங்கம் எடுத்துக்கொள்ளட்டும், அதில் பால்கனி கூட இருக்கிறது என்று மாசக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள்.

தலைவர் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப நல்ல யோசனைம்மா. ஆனா இதெல்லாம் கூட்டத்துல திடீர்னு கொண்டு வர்ற விஷயமா? டீயில நாலு பேர் உட்கார்ந்து பேசி, ஒரு மனசா வந்துட்டா, இங்க கையெழுத்து போடறதோட சரி."

செயலாளர் மரக்கடை வைத்திருந்தார். அவரும் தலையாட்டினார். "தலைவர் சொல்றது கரெக்ட். டீயில பேசிடுங்க."

சரி என்று செவ்வாய்க்கிழமை தன் வாழ்நாள் விதியை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கீழே போனாள். அந்த அறையை அன்றைக்குத்தான் உள்ளே போய்ப் பார்த்தாள். ஒரே அடுப்பு, இரண்டு கெட்டில். இரண்டு சர்க்கரை டப்பா, இரண்டிலும் பூட்டு. எதிரெதிர்ச் சுவரில் இரண்டு பலகை, பலகை நிறையக் கொக்கி, கொக்கிக்கு ஒரு கப். ஒரு பலகை வெள்ளைக் கப், மற்றது நீலக் கப். வெள்ளி ஆட்கள் வெள்ளைக் கப்பைத் தொட மாட்டார்கள், செவ்வாய் ஆட்கள் நீலத்தைத் தொட மாட்டார்கள். தலைவர் வீட்டம்மா அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக வரவேற்று, டீயைப் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தாள்.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். "சார், அந்தக் கீழ் வீட்டு விஷயம்..."

தலைவர் கையை உயர்த்தினார். "டீ நேரத்துல வேலை விஷயம் வேண்டாமேம்மா. மனுஷங்க கொஞ்சம் இளைப்பாறற நேரம். அதைக் கூட்டத்துல வைங்க."

"கூட்டத்துலதான் சார் வச்சேன். டீயில பேசச் சொன்னீங்க."

"பேசலாம், பேசலாம். இன்னிக்கேவா? பிஸ்கட் எடுத்துக்குங்க."

டீ முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டாள். படியேறும்போது சிஸ்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தையல்காரி தன் வீட்டு வாசலில் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"எதுலக்கா ஊத்திக் குடுத்தாங்க?"

"பேப்பர் கப்புல. ஏன்?"

"அப்ப நீங்க இன்னும் அவங்க ஆளு இல்ல. கொக்கில உங்க கப்பு தொங்கினாத்தான் உங்க பேச்சு ஏறும்."

"கப்பு தொங்கறதுக்கு எத்தனை டீ குடிக்கணும்?"

"டீக் கணக்கு இல்லக்கா அது. வெள்ளிக்கிழமை டீல சர்க்கரை ஜாஸ்தி, சாயம் கம்மி, இப்படி எதாவது ஒரு குத்தம் சொல்லணும். சொன்ன மறு வாரமே கொக்கி."

"நான் வெள்ளிக்கிழமை டீயக் குடிச்சதே இல்லையே."

"அதுக்கென்ன, அதைக் குடிக்காதவங்கதான் அதிகமா குத்தம் சொல்றாங்க."

எனவே அவள் வெள்ளிக்கிழமையும் போனாள். குற்றம் சொல்வதற்கு இல்லை. இவரிடமும் கேட்டுவிடலாம் என்றுதான். மரக்கடைக்காரர் டீயில் ஏலக்காய் இருந்தது, பிஸ்கட்டில் கிரீம் இருந்தது, கேள்விகளும் நிறைய இருந்தன. தலைவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், யார் யார் இருந்தார்கள், சொன்னபோது சிரித்தார்களா. அவள் பேப்பர் கப்பைக் கீழே வைத்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு வெளிய போக வழி வேணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதான் சிஸ்டரம்மா, நாங்க முழுசா உங்க பக்கம். ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த ரூமைக் குடுத்துட்டோம்னு வைங்க, தலைவர் டீயத் தன் வீட்டுலயே வச்சுக்குவார். அப்புறம் சங்கமே அவர் வீட்டு ஹால்ல நடக்கும். அவர் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கார்."

அடுத்த செவ்வாய் தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இதையே சொன்னார், ஆளை மட்டும் மாற்றி. இந்த அறையை விட்டால் செயலாளர் மரக்கடைக்கே சங்கத்தைக் கொண்டுபோய்விடுவாராம். ஆக, இரண்டு பேருக்கும் அவள் மேல் கோபமில்லை, கண்டக்டர் மேல் இரக்கம் உண்டு, வீட்டு மாற்றத்தில் ஆட்சேபமும் இல்லை. மற்றவன் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். படுக்கைப் புண்ணுக்கு மருந்து உண்டு. இதற்கு என்ன போடுவது? அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு நாளும் டீ குடித்ததற்குத் தனி வம்பு. இரட்டை வேஷம் போடுகிறாள் என்று பேச்சு வந்தது. தையல்காரியிடம் கேட்டாள். "நீயும்தானே ரெண்டுக்கும் போறே?"

"நான் சும்மா போறேன்க்கா. நீங்க காரியமா போறீங்க. அதுதான் தப்பு."

அந்த டீக்களில் இன்னொரு வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் 'வாசல் வரை'. டீ முடிந்ததும் டீ போட்டவர்கள், வந்தவரைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். படியேறி அவரவர் வீட்டு வாசல் வரை கூடவே போய், கதவு திறந்து உள்ளே போகும்வரை நின்றுவிட்டுத்தான் வருவார்கள். பார்க்கிறவர்களுக்கு என்ன மரியாதை என்று தோன்றும். காரணம் அதில்லை. எப்போதோ ஒரு சங்கத் தேர்தலில், செவ்வாய் டீ குடித்துவிட்டு மனசு உறுதியாகக் கிளம்பிய ஒருத்தர், படிக்கட்டில் செயலாளர் கையில் மாட்டி, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்சி மாறிவிட்டார். ஒரே ஓட்டில் அந்தத் தேர்தல் போயிற்று. அன்றிலிருந்து இரண்டு பக்கமும் ஆட்களை வாசல் வரை பத்திரமாகக் கொண்டுபோய் அடைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். விடாமல் போனால் கேவலம். ஆளைப் பாதியில் விட்டுட்டான் என்று மற்ற பக்கம் மாசக்கணக்கில் சிரிக்கும்.

அப்படித்தான் தலைவர் வீட்டம்மா மூச்சிரைக்க இரண்டாம் மாடி வரை வந்து, கதவு வழியாக எட்டிப் பார்த்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கண்டக்டரிடம் சொன்னாள்.

"நீங்களும் ஒரு நாள் டீக்கு வரணும்ணா. நீங்க இல்லாம டீ நல்லாவே இல்ல."

வராத மனுஷனைக் கூப்பிடுவதில் செலவில்லை. வெள்ளிக்கிழமை செயலாளரும் அதே வாசலில் நின்று சொன்னார். "தலைவர் கூப்பிட்டாராமே? நான் கூப்பிடாம இருப்பேனா? கண்டிப்பா வரணும்ணே."

"ரைட்" என்றார் கண்டக்டர்.

சிஸ்டரம்மா திரும்பிப் பார்த்தாள். பல நாளாகக் காதில் விழாத ராகம். டெப்போவிலிருந்து முதல் டிரிப் எடுக்கிற ராகம்.

"சரி சார்" என்றாள் அவள். "வர்றோம்."

செயலாளர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அவள் நிஜமாகத்தான் சொல்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய் பெரியாஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற பழைய சிநேகிதர்கள் இரண்டு பேர் வேலைக்குப் போகிற வழியில் வந்தார்கள். தூக்கு நாற்காலியும் கொண்டு வந்தார்கள். அவள் கண்டக்டருக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, பெட்ஷீட்டை மடித்து இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு கட்டினாள். கட்டடமே வேடிக்கை பார்க்க, அவர் படியிறங்கினார். டீ அறையில் மேசைத் தலைப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு, டியூட்டிக்கு நேரமாச்சு என்று இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

தலைவர் வீட்டம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டு, பேப்பர் கப்பை எடுக்கப் போனவள் கையை மாற்றி, கொக்கியிலிருந்து ஒரு வெள்ளைக் கப்பை எடுத்து, சாசரோடு வைத்தாள். அது பொருளாளருடைய கப். பொருளாளர் பேப்பர் கப்பை எடுத்துக்கொண்டார்.

சிஸ்டரம்மா பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்து, டீயில் போட்டுக் கலக்கி, கெட்டியாகும் வரை காத்திருந்தாள். ஒரு ஸ்பூன். விழுங்கியாச்சா என்று தொண்டையைப் பார்த்தாள். அடுத்த ஸ்பூன். தலைவர் பொதுவாக எதையோ பேசிப் பார்த்தார். எல்லாருடைய கண்ணும் ஸ்பூனிலேயே இருந்ததால் பேச்சு எடுபடவில்லை. வந்த விருந்தாளி குடித்து முடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாதென்று இருந்தது. வெளியே தெருவிளக்கு போட்டுவிட்டார்கள்.

கடைசி ஸ்பூன் இறங்கியதும் அவர் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "ரொம்ப நன்றி சார். நாங்க கிளம்பறோம்."

தலைவர் அக்கம்பக்கம் பார்த்தார். "அந்த ஸ்ட்ரெச்சர் ஆளுங்க எப்ப வருவாங்கம்மா?"

"அவங்களுக்கு ராத்திரி டியூட்டி சார். காலையிலதான்."

"அப்போ இவரை எப்படி..."

"வாசல் வரைக்கும் கொண்டு விடறது உங்க வழக்கமாச்சே சார்."

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மரத்தூள் தலையோடு உள்ளே எட்டிப் பார்த்தவர் ஒரு நொடியில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். "என்ன தலைவரே, முடியலைன்னா சொல்லுங்க. நம்ம பசங்களைக் கூப்பிடறேன்."

"எங்க டீக்கு வந்தவர்" என்றார் தலைவர், முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டே. "நாங்க விடுவோம்."

தலைவர், பொருளாளர், முதல் மாடி வங்கி ஆள், போட்டோக் கடைக்காரர், நான்கு மூலைக்கு நான்கு பேர். சிஸ்டரம்மா பின்னாலேயே ஏறினாள். "முதுகை வளைக்காதீங்க சார், முட்டியை மடக்குங்க. மூச்சை அடக்காதீங்க. பேசாதீங்க. சாய்க்காதீங்க, மனுஷன் இருக்கார் உள்ளே, பீரோ இல்ல." முதல் மாடி வளைவில் இறக்கி வைத்துப் பெருமூச்சு விட்டார்கள். கண்டக்டர் பொறுத்துப் பார்த்தார். பிறகு இடது கை விரல் முட்டியால் கைப்பிடிக் கம்பியில் இரண்டு தட்டு தட்டினார்.

"போலாம் ரைட்."

தையல்காரி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிப்போனாள்.

செயலாளருக்கு இனி வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை கண்டக்டரைக் கூப்பிடாவிட்டால், தூக்க வக்கில்லாத கட்சி என்று பெயர் வந்துவிடும். கூப்பிட்டார். மேலேயிருந்து கீழே கொண்டுவரவும் தன் ஆட்களையே அனுப்பினார். திரும்பும்போது, தலைவர் ஆட்கள் நின்ற அதே வளைவில் நிற்காமல் ஒரே மூச்சில் ஏற வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. "ரேஸ் வேண்டாம், இறக்குங்க" என்று சிஸ்டரம்மா போட்ட சத்தத்தில் கட்டடம் அதிர்ந்தது. இறக்கினார்கள். மாடியில் போய்ச் சேர்ந்த பிறகு செயலாளர் சுவரில் சாய்ந்துகொண்டு, தன் தோளைத் தானே தடவிக்கொண்டார்.

அவளுக்கு இது பிடிக்கவில்லை. பழகாத ஆட்கள் கையில், செங்குத்துப் படியில், நாற்காலியோடு கட்டி வைத்த மனுஷனை ஏற்றி இறக்குவது என்பது வார்டில் யாராவது செய்திருந்தால் அவளே சீட்டைக் கிழித்திருப்பாள். ஆனால் அவர் தட்டு காலியாகத் தொடங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே சட்டையைக் காட்டி ரைட் என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு பெட்ஷீட்டை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

அப்படியே சில வாரம் போயிற்று. ஒரு புதன்கிழமை காலை தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. தலைவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு அசைய முடியவில்லை. அவள் போய்ப் பார்த்தாள். தசைப்பிடிப்புதான். குப்புறப் படுக்க வைத்து வெந்நீர்ப் பை கொடுத்தாள். வீட்டம்மா அவசரமாகச் சாசரில் கப் வைத்து டீ கொண்டுவந்தாள்.

"வேண்டாம்மா. நோயாளி வீட்டுல குடிக்கறதில்ல."

தலையணைக்குள்ளிருந்து தலைவர் குரல் வந்தது. "அந்தக் கீழ் வீட்டு விஷயம்..."

"டீயில பேசக் கூடாது, கூட்டத்துல பேசக் கூடாதுன்னு சொன்னீங்க. குப்புறப் படுத்துக்கிட்டுப் பேசலாமா சார்?"

"நான் குடுத்துடலாம்னுதான் நினைக்கிறேன். நானே முதல்ல சொன்னா, செயலாளர் ஆளுங்க, தலைவர் இடுப்பு ஒடிஞ்சு இறங்கி வந்தார்னு சொல்லுவாங்க."

"அவர் என்ன சொல்லுவார்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவர் வீட்டுக்கும் போகணும். தோள்பட்டை."

தலைவர் தலையை மட்டும் திருப்பினார். "ரொம்ப வலியா அவருக்கு?" என்றார். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் சமம்தான் சார்" என்றாள். இதில் கூடப் போட்டியா என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

செயலாளர் வீட்டிலும் டீ வந்தது, அதையும் மறுத்தாள். அவரும் அதையே சொன்னார், இடுப்புக்குப் பதில் தோள். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், வர்ற கூட்டத்துல நான் மறுபடியும் எழுந்து கேட்பேன். கேட்டு முடிச்சதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கையத் தூக்குங்க. தோள் வலிச்சா இடது கையத் தூக்குங்க. அவ்வளவுதான் வைத்தியம். இல்லைன்னா அடுத்த வெள்ளிக்கிழமையும் நாங்க டீக்கு வருவோம்." இதையே அன்றைக்கே திரும்பிப் போய்த் தலைவரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

கூட்டத்தில் இருவரும் கையைத் தூக்கினார்கள். யார் கை முதலில் உயர்ந்தது என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது. கடைசியில் ஒருமனதாக என்று எழுதினார்கள். எழுதிய பிறகு யாருக்கோ பயம் வந்து, தற்காலிகமாக, அடுத்த பொதுக்குழு முடிவு செய்யும்வரை என்று சேர்த்தார்கள். சிஸ்டரம்மா அதற்கும் தலையாட்டினாள். பொதுக்குழு சங்க அறையில்தான் கூட வேண்டும் என்பது அவர்களே வைத்த விதி. சங்க அறை இனி இரண்டாம் மாடி.

அது அவர்களுக்கு உறைக்கக் கொஞ்சம் நாள் பிடித்தது. அடுப்பும், இரண்டு கெட்டிலும், கொக்கிப் பலகைகளும் மேலே போயின. முதல் செவ்வாய் எல்லாரும் ஏறினார்கள், பால்கனியைப் பாராட்டினார்கள். அடுத்த செவ்வாய் தலைவர் இடுப்புப் பட்டையோடு முதல் மாடி வரை வந்து, தையல்காரி வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஆள் குறைந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. பொதுக்குழுவுக்கு நாள் குறித்தார்கள், ஆள் சேரவில்லை. மறுபடியும் குறித்தார்கள், மறுபடியும் சேரவில்லை. கப்பெல்லாம் கொக்கியில் தூசு படிந்து தொங்கியது.

கீழ் வீட்டில் அவள் முதலில் செய்தது நிலைப்படிக்குப் பலகைச் சரிவு போட்டதுதான். பலகை செயலாளர் கடையிலிருந்து வந்தது. தலைவர் ஆணி கொண்டுவந்து கொடுத்தார். யாருக்கும் டீ கொடுக்கவில்லை. பழக்க தோஷத்தில் நாலு மணிக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தவர்களிடம், "இது வீடு. அவர் தூங்கறார்" என்றாள்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் கண்டக்டரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, சரிவில் இறக்கி, கேட்டைத் தாண்டித் தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிக்கு இல்லாமல், யார் தோளிலும் இல்லாமல், அவர் வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

கடை வாசலில் அவளுக்குக் கால் நின்றுவிட்டது. வலது பெஞ்சில் தலைவர், பொருளாளர், வங்கி ஆள். இடது பெஞ்சில் செயலாளரும் அவர் ஆட்களும். மாடி ஏற முடியாதவர்கள் எல்லாரும் இங்கே வந்து, இங்கேயும் கோடு பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரி நடுவில் நின்றபடி குடித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டரம்மாவைக் கண்டதும் இரண்டு பெஞ்சிலும் ஒரே நேரத்தில் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"இப்படி வாங்க சிஸ்டரம்மா."

"அண்ணனை இந்தப் பக்கம் விடுங்க."

கடவுளே என்று இருந்தது அவளுக்கு. நாற்காலியை இரண்டு பெஞ்சுக்கும் சரியாக நடுவில், கடை வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டாள். கடைக்காரர் டீயை நீட்டினார். பொடியைக் கலக்கி, காத்திருந்து, ஒரு ஸ்பூன் கொடுத்தாள். கண்டக்டர் வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். விழுங்கினார். முகத்தைச் சுளித்தார்.

"ரைட்" என்றார். வேண்டாம் ராகம். கடை கைமாறியிருந்தது, டீயும் கெட்டுப்போயிருந்தது. ஆனாலும் அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்தார்.

முடிகிறவரை இரண்டு பெஞ்சும் எழுந்திருக்கவில்லை. அவள் தன் ஃபிளாஸ்க்கைத் திறந்து, நின்றபடியே தன் டீயைக் குடித்து முடித்தாள். அவர் சட்டையில் சிந்தியதைத் துடைத்தாள், கறை போகாது, ஊறப்போட வேண்டும். பிரேக்கை எடுத்தபோது தலைவரும் செயலாளரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"வாங்க, வாசல் வரைக்கும் வர்றோம்" என்றார் தலைவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

"உக்காருங்க சார், ரெண்டு பேரும்" என்றாள் சிஸ்டரம்மா. "சக்கரம் இருக்கு."